சுகம் என்று எழுதிய கடிதங்கள்

1950ஆம் ஆண்டு வரை காட்கோபர் பம்பாயில் சேர்த்தி இல்லை. பம்பாய் மாநகராட்சியின் எல்லை மாஹிம், சயானோடு முடிந்துவிடும். அதற்கு வடக்கே இருந்ததெல்லாம் புறநகர் ஜில்லா. மேற்கே பாறைக் குன்றுகள். கிழக்கே தானே கிரீக், அதன் ஓரமாகச் சேறும் உப்பளமும். நடுவில் 1853இல் போரிபந்தரிலிருந்து தானேக்குப் போட்ட ரயில் தடம். 1950இல் எல்லைக்கோடு பாண்டுப் வரை நகர்ந்தது, 1957இல் முலுண்ட் வரை. கோடு நகர்ந்த வேகத்தில் தண்ணீர்க் குழாய் நகரவில்லை, சாக்கடையும் நகரவில்லை. அந்த இடைவெளியில்தான் எங்கள் ஆட்கள் வந்து குடியேறினார்கள்.

வந்தவர்கள் இரண்டு வகை. வேலை உத்தரவோடு வந்தவர்கள் ஒரு வகை. ரயில்வே, துறைமுகம், அரசு அலுவலகங்கள், டிராம்பேயில் அணுசக்தி நிலையம், மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் என்று வேலை கிடைத்தவர்கள். மாதுங்காவில் முதலில் கால் ஊன்றினார்கள். அங்கே இடம் போதாமல் செம்பூர், காட்கோபர், முலுண்ட் என்று பரவினார்கள். துணி மூட்டையோடு வந்தவர்கள் இன்னொரு வகை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவியின் தோல் ஷாப்புகளுக்கு வந்து, பிறகு எங்கே காலி நிலம் தெரிந்ததோ அங்கே நாலு மூங்கிலை நட்டவர்கள். என் அப்பா முதல் வகை. சென்ட்ரல் ரயில்வேயில் கிளார்க். நாங்கள் பந்த் நகரில் ஹவுசிங் போர்டு கட்டடத்தில் குடியிருந்தோம். ஹைவே ஓரத்துக் காமராஜ் நகரில் இருந்தவர்கள் இரண்டாம் வகை. நடந்து போகிற தூரம்தான்.

இரண்டு வகையிலும் பெண்கள் பின்னால் வந்தவர்கள். ஆண் முதலில் வந்து இடம் பிடிப்பான், அப்புறம் குடும்பத்தைக் கூப்பிடுவான். வந்து இறங்கிய நாளிலிருந்து தண்ணீர், அடுப்பு, அக்கம்பக்கம் எல்லாம் பெண் தலையில். ஊர் உருவாகாத இடத்தில் ஒரு குடும்பத்தை நடத்திக் காட்டிய அந்தப் பெண்கள் அதைப் பற்றி என்ன எழுதினார்கள், அவர்களில் யார் எழுதினார்கள் என்று எனக்கு வெகுநாளாக ஒரு யோசனை உண்டு. ஏனென்றால் அவர்களில் சிலருக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

1970களில் நான் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்துக்கு வேலைக்கு வரும் அக்காமார் சிலர் நீல நிற இன்லண்ட் லெட்டர் வாங்கிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்காருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஆரம்பம் எப்போதும் ஒரே மாதிரி: இங்கே அனைவரும் சுகம், அங்கே அனைவரின் சுகத்துக்கும் பதில் போடவும். பிறகு மணியார்டர் கணக்கு. பிறகு ஊரில் மழை உண்டா, பசு கன்று போட்டதா, தங்கைக்கு வரன் வந்ததா. கடைசியில் மறுபடியும் சுகம்.

ஒரு நாள் ஓர் அக்கா இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு வந்தார். முதல் நாள் காலையில் முனிசிபாலிட்டி வண்டி வந்து வரிசையாகக் குடிசைகளைப் பிரித்துப் போட்டுவிட்டது. மூங்கிலை லாரியில் ஏற்றுவதற்குள் இவர் பாதியை இழுத்து ஒளித்துவிட்டார். வண்டி போனதும் அதே இடத்தில் குழி தோண்டி நட்டு, சாக்கைச் சுற்றிக் கட்டி, மேலே பத்ரா தகரத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார். தகரம் கையைக் கிழித்துவிட்டது. ராத்திரி அதே கூரைக்குக் கீழே சோறு பொங்கியாயிற்று. இதையெல்லாம் கை ஆட்டி ஆட்டி எனக்குச் சொன்னார். நான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

“ஏ பிள்ள, அதையா எழுதுத? அத எழுதாத. எங்கம்மைக்கு மனசு தாங்காது. பம்பாயில நல்ல மழ, எல்லாரும் சொகமா இருக்கோம்னு எழுது.”

அப்படியே எழுதினேன். திருநெல்வேலிக்குப் போன அந்தக் கடிதத்தில் மூங்கிலும் இல்லை, தகரமும் இல்லை. மறைத்ததற்குக் காரணம் இருந்தது. ஊரில் கடிதத்தைப் படித்துச் சொல்வது தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பையனோதான். குடும்பத்தின் மானம் தெருவுக்கு வந்துவிடும். கஷ்டத்தைச் சொன்னால் திரும்பி வா என்பார்கள். திரும்பிப் போக அங்கே நிலமும் இல்லை, கூலியும் இல்லை. அடுத்த தம்பியைப் பம்பாய்க்கு அனுப்பவும் மாட்டார்கள்.

படித்தவர் வீட்டுக் கடிதம் மட்டும் என்ன வாழ்ந்தது? 1966இல் சிவசேனை பிறந்த பிறகு மதராசிக்காரர்களுக்கு எதிரான பேச்சு தெருவுக்குத் தெரு கேட்டது. தென்னிந்திய ஓட்டல்கள் மீது கல் விழுந்தது. அப்பா வேட்டியோடு கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தினார். மார்க்கெட்டில் எங்களோடு தமிழில் பேசாமல் இருக்க அம்மா பழகிக்கொண்டாள். அந்த வருஷங்களில் அம்மா கும்பகோணத்துக்குப் போட்ட கார்டுகள் பிறகு என் கைக்கு வந்தன. எல்லாவற்றிலும் இங்கு விசேஷம் ஒன்றும் இல்லை என்றே எழுதியிருந்தாள்.

கடிதத்தில் சொல்ல முடியாததைக் கதையில் சொல்லலாம். கதையில் வருபவள் யாரோ ஒருத்தி. எழுதினவள் குடும்பத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு பண்ணி வீட்டுக்கு வீடு சுற்றுக்கு விடுவது எங்கள் கட்டடத்தில் அப்போது வழக்கம். மாதுங்காவுக்குப் போகிறவர்கள் தமிழ்ப் பத்திரிகை வாங்காமல் திரும்ப மாட்டார்கள். அட்டை பிய்ந்த அந்தப் புத்தகங்களில்தான் ராஜம் கிருஷ்ணன் எனக்குக் கிடைத்தார்.

1925இல் முசிறியில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கணவர் மின்துறைப் பொறியாளர். மாற்றல் வந்த இடத்துக்கெல்லாம் மூட்டை கட்டிப் போக வேண்டும். அப்படித்தான் நீலகிரிக்குப் போனார். அங்கே குந்தா நீர்மின் திட்ட வேலை நடந்துகொண்டிருந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா பணமும் இயந்திரமும் கொடுத்துக் கட்டிய அணைகள் அவை. திட்டம் நடக்கும் இடத்தில் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று ரயில்வே வீட்டுப் பெண்ணான எனக்குத் தெரியும். தற்காலிக வீடு, தற்காலிகக் கடை, எல்லாம் ஆபீசர் அந்தஸ்து வரிசைப்படி. சாயங்காலம் பெண்கள் கூடி அடுத்த மாற்றல் எங்கே என்று பேசுவார்கள். அந்தப் பேச்சையே நாவலாக்கியிருக்கலாம். வாசகர்களும் விரும்பிப் படித்திருப்பார்கள்.

அவர் குவார்ட்டர்ஸ் வேலியைத் தாண்டி அந்த மலையில் வாழும் படகர்களின் ஹட்டிகளுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போனார். 1963இல் புத்தகமாக வந்த ‘குறிஞ்சித்தேன்’ அந்த மக்களின் கதை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சியை வைத்துக் காலத்தை அளக்கும் ஒரு மலைக் கிராமத்தில் மூன்று தலைமுறை மாறுவதைச் சொல்கிறது. ராகியும் சாமையும் விளைந்த மண்ணில் தேயிலை வருகிறது, பணம் வருகிறது, பங்காளிச் சண்டை வருகிறது, கடைசியில் அணையும் வருகிறது. திட்டத்தைக் கொண்டுவந்த பொறியாளரின் மனைவி, திட்டம் வந்து நிற்கிற வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்து எழுதினார் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் வேறு தேசங்களில் புதுநிலம் பற்றிப் பெண்கள் எழுதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே கனடாவின் காட்டில் குடியேறிய சூசன்னா மூடி என்ற ஆங்கிலப் பெண்மணி 1852இல் தன் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். குளிர், பசி, மரம் வெட்டிச் செய்த வீடு, தெரியாத வேலைகளைக் கற்றுக்கொண்ட வேதனை எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சிறுவயதுக் குடியேற்ற வாழ்க்கையைப் பற்றிய முதல் புத்தகத்தை 1932இல், 65 வயதில் வெளியிட்டார். உப்புக்கண்டம் போடுவதும் வெண்ணெய் கடைவதும் அந்தப் புத்தகத்தில் படிக்கிற ருசி வேறு எதிலும் இல்லை. ஆனால் அவர்கள் குடும்பம் கான்சாஸில் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் பழங்குடியினருக்கு உரியது. 1935இல் வந்த ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’யில் அந்த நிலத்துக்காரர்கள் பயமுறுத்தும் அந்நியர்களாகவே பெரும்பாலும் வருகிறார்கள். 2018இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் குழந்தை இலக்கிய விருதிலிருந்து வைல்டர் பெயரை எடுத்தது இதனால்தான்.

வைல்டர் வந்து குடியேறிய குடும்பத்தின் பக்கம் நின்று எழுதினார். ராஜம் கிருஷ்ணன், அங்கே முன்பே இருந்த குடும்பத்தின் பக்கம் நின்றார். அது ஒரு நாவலோடு முடியவும் இல்லை. 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியர் கையிலிருந்து விடுபட்ட கோவாவைப் பற்றி ‘வளைக்கரம்’ எழுதினார். சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையரைப் பற்றி ‘முள்ளும் மலர்ந்தது’ எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1979இல் ‘கரிப்பு மணிகள்’ வந்தது.

‘கரிப்பு மணிகள்’ படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. உப்புத் தண்ணீரில் நின்று காலில் புண் ஆறாத பெண்கள். வெள்ளை வெயிலில் கூசிக் கூசிப் பார்வை மங்கும் கண்கள். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் இல்லாத நாள். விக்ரோலி தாண்டி காஞ்சூர், பாண்டுப் பக்கம் ரயிலில் போனால் கிழக்கே உப்பளம் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பக்கம் உறவினர் வீடுகளுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஜன்னலோர சீட் கிடைத்தால் வெள்ளை வெள்ளையாக உப்பு குவித்திருப்பது அழகு என்று நினைத்ததோடு சரி. அதைக் குவித்தது யார் என்று யோசிக்க எனக்கு ஒரு தூத்துக்குடி நாவல் வேண்டியிருந்தது.

மாற்றல் உத்தரவும் கல்யாணமும் போரும் இன்னும் சில தமிழ்ப் பெண்களை வெகுதூரம் கொண்டுபோய் எழுத வைத்தன. டாக்டர் திரிபுரசுந்தரியை ‘லட்சுமி’ என்றால்தான் வாசகர்களுக்குத் தெரியும். மருத்துவம் படிக்கும்போதே பத்திரிகைகளில் எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தவர். தென்னாப்பிரிக்கத் தமிழரை மணந்து அங்கே போய், இனஒதுக்கல் ஆட்சியில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் போன கரும்புத் தோட்டக் கூலிகளில் தொடங்கியது அந்நாட்டுத் தமிழர் கதை. அந்த மண்ணைக் களமாக்கிய அவருடைய ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஹெப்ஸிபா ஜேசுதாசன் பர்மாவில் பிறந்தவர். கன்னியாகுமரிப் பனையேறிகள் வாழ்க்கையைச் சொல்லும் ‘புத்தம் வீடு’ அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பர்மாவையும் போர்க்காலத்தையும் ‘மா-னீ’ நாவலில் எழுதினார். ஜப்பான் குண்டு போட்ட 1941–42இல் லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். அந்த நடையைப் பற்றி நடந்த பெண்கள் எழுதியது எத்தனை என்று தேடினால் கை விரல் போதும்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. படிப்பு, அல்லது மாதச் சம்பளம் வரும் வீடு, அல்லது இரண்டும். இதற்கு விலக்காக எனக்குத் தெரிந்தவர் இலங்கை மலையகத்து மீனாட்சியம்மாள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி. பத்திரிகைக்காரர் வீடுதான். ஆனால் அவர் எழுதியது எழுத்துத் தெரியாதவர்களுக்காக. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குறைகளைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். சிறு நூல்களாக அச்சிட்டும் தந்தார். படிக்கத் தெரியாத பெண் அதைக் காதால் வாங்கிக்கொண்டு, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் போய்ப் பாடலாம். என்னிடம் கடிதம் எழுத வந்த அக்காமாருக்கு இப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

பம்பாய்க்கு வருவோம். இங்கே, எழுதாத பெண்களின் கதை பதிவாகாமல் போகும் குறையை உணர்ந்து அதைச் சரிசெய்வதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டவர் அம்பை. சி.எஸ். லக்ஷ்மி என்ற பெயரில் ஆய்வாளர். தமிழில் பெண்கள் எழுத்தைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய ஆய்வு நூல் 1984இல் வந்தது. 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோரோடு சேர்ந்து மும்பையில் ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். புத்தகம் எழுதியவர்கள் மட்டும் சரித்திரம் ஆகிவிடக் கூடாது. பாடியவர், ஆடியவர், போராடியவர், சும்மா வாழ்ந்தவர் சொல்வதையும் ஒலியாகவும் படமாகவும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ தொகுப்பில் அவர் படைத்த துப்பறியும் சுதா குப்தா, இந்த ஊரின் புறநகர் வீடுகளுக்குள் நுழைந்து பெண்கள் வெளியே சொல்லாததைக் கண்டுபிடிக்கிறாள். ‘இங்கு விசேஷம் ஒன்றும் இல்லை’ என்று கார்டு போடும் வீடுகள்தான் அவையும். 2021இல் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்புக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது மும்பைத் தமிழர்கள் எங்கள் ஊருக்குக் கிடைத்த விருது என்று சொல்லிக்கொண்டோம். சொல்லிக்கொண்டவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு.

மூட்டையோடு வந்த குடும்பங்களின் கதை இதற்குப் பிறகுதான் அச்சுக்கு வந்தது. அவர்கள் பட்டது கொஞ்சமா? மான்குர்டு ஜனதா காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் உள்ளிருந்து முன்பே அப்புறப்படுத்தப்பட்டுச் சேற்று நிலத்தில் விடப்பட்டவர்கள் உருவாக்கிய குடியிருப்பு அது. அந்த நிலம் அணுசக்தி ஆய்வு மையத்துக்குத் தேவைப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், காலனி தரைமட்டமாயிற்று. சுமார் 70,000 பேர் டிராம்பே பக்கம் இன்னொரு சேற்று நிலத்துக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். அதுதான் இன்றைய சீட்டா கேம்ப். தமிழர்கள் நிறைந்த இடம். காலனிக்காகப் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயல் தமிழர். பிற்காலத்தில் உலகம் அறிந்த தலைவர் ஆனார். அந்தப் போராட்டம் பற்றி ஆய்வுகள் வந்தன. ஆனால் மே மாத வெயிலில் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு புது இடத்துக்கு வந்து, முதல் மழையில் வீட்டுக்குள் ஏறிய தண்ணீரை இறைத்த ஒரு தமிழ்ப் பெண் தன் கையால் எழுதிய புத்தகம் என் கண்ணில் பட்டதில்லை.

அந்தப் பெண்களின் மகள் தலைமுறை பள்ளிக்கூடம் போனது. மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகள் அதற்கு உதவின. எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சி இது. மும்பையில் வளர்ந்த புதிய மாதவி கவிதை, சிறுகதை, கட்டுரை என்று எழுத வந்தபோது தமிழ் எழுத்தில் இன்னொரு பம்பாய் தெரிந்தது. ‘மின்சார வண்டிகள்’ என்ற அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பெயரே இந்த ஊர்ப் பெண்ணின் நாளைச் சொல்லிவிடும். ரயிலின் லேடீஸ் டப்பாவில் காய் நறுக்கி, பூக் கட்டி, அழுது, சிரித்து, இறங்குகிற ஸ்டேஷன் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் பெண்களை நான் வேலைக்குப் போன காலமெல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஆக என் முடிவு இது. தமிழ்ப் பெண்களின் புதுநில எழுத்து, வேலை உத்தரவோடு வந்த வீட்டில் முதலில் பிறந்தது. மூட்டையோடு வந்த வீட்டில் ஒரு தலைமுறை பிந்திப் பிறந்தது. முதல் வகையில் தலைசிறந்தவர்கள், ராஜம் கிருஷ்ணனைப் போல, தங்கள் குவார்ட்டர்ஸ் வேலியைத் தாண்டிப் போய் அடுத்தவர் கதையைக் கேட்டவர்கள். காட்கோபரில் நாங்கள் அதைச் செய்யவில்லை. பந்த் நகருக்கும் காமராஜ் நகருக்கும் நடுவே இருந்தது கொஞ்ச தூரம்தான். வேலைக்கு வந்தவர்களிடம் நேரத்துக்கு வந்தாயா என்று கேட்டோம். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்ட ஓரிரு பேரிடம் அவர்கள் கை ஆட்டி ஆட்டிச் சொன்னார்கள்.

இப்போது இந்த ஊர் வேறு. 2014இல் காட்கோபருக்கு மெட்ரோ வந்தது. குடிசை மாற்றுத் திட்டத்தில் மாடிக் கட்டடங்கள் எழும்புகின்றன. ஏழாவது மாடியில் லிஃப்ட் பழுதானால் கீழே இறங்க முடியாத பாட்டிகளாக அந்த அக்காமார் உட்கார்ந்திருக்கிறார்கள். பேரன் பேத்திகள் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரியாது. பாட்டி சொன்னது இனி எழுத்தில் வர வேண்டுமானால் யாராவது கேட்டுப் பதிவு செய்தால்தான் உண்டு. அதற்கு ஒரு கைபேசி போதும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் போய் உட்காருங்கள். சுகமா என்று தொடங்காதீர்கள். சுகம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். முதல் ராத்திரி மேலே என்ன கூரை இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். வீடு இடிந்ததா, எத்தனை தடவை, யார் திரும்பக் கட்டினார்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள். எனக்குக் கடிதம் சொன்னவர்களில் பலர் இப்போது இல்லை.